உதவி: வீடு விற்க விளம்பர வாசகம் (அவசரம்)

வேளச்சேரி72: வணக்கம். வீட்டை விற்கிறோம். நான் போட்ட விளம்பரம்: "1,150 சதுர அடி, இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்தது, ரயில் நிலையம் அருகில், தண்ணீர் பிரச்சினை இல்லை, சைவக் குடும்பங்கள் வசிக்கும் இடம்." ஆறு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர்கூட அப்புறம் பேசவில்லை. எந்த வார்த்தையை மாற்றுவது?

கைகாட்டி: ஃப்ளாட்டா, தனி வீடா? எத்தனையாவது மாடி? கட்டி எத்தனை வருடம்? யூடிஎஸ், அதாவது நிலத்தில் உங்கள் பிரிபடாத பங்கு, எவ்வளவு?

மனையடி: கிழக்கு பார்த்தது கட்டடமா, வீட்டு வாசலா? வந்தவர்கள் செல்போனில் திசை பார்த்திருப்பார்கள். பாதிப் பேர் திரும்பிப் போவது இதனால்தான்.

பத்திரக்காரர்: இதை இங்கே எத்தனை தடவை சொல்லியாயிற்று! பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். 1,150 எந்த அளவு? 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவில், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பில், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது, உள்சுவர் சேரும். படிக்கட்டு, லிஃப்ட் பங்கெல்லாம் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கை வெறும் சதுர அடி என்று எழுதினால், வருகிறவர் ஹாலில் நின்றே கண்ணால் அளந்துவிடுவார்.

கைகாட்டி: அவர் பழைய வீட்டை விற்கிறார் போல. ரெரா பதிவு எண் கட்டுநர் விளம்பரத்துக்குத்தான்.

பத்திரக்காரர்: பதிவு எண்ணை நான் கேட்கவே இல்லை. எந்த அளவு என்று எழுதச் சொன்னேன்.

தாமரை: எனக்கு உறுத்துவது "தண்ணீர் பிரச்சினை இல்லை". வேளச்சேரி என்றால் 2015 டிசம்பரில் வெள்ளம் வந்ததா? நாங்கள் வீடு தேடியபோது முதலில் கார் நிறுத்தும் இடத்துச் சுவரைத்தான் பார்ப்போம். மேலே பெயின்ட் அடித்திருந்தாலும் கறைக்கோடு மங்கலாகத் தெரியும். அடுத்தது சமையலறைக் குழாய். அதன் வாயில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால், மீதி விளம்பரத்தையும் நம்பத் தோன்றாது.

தென்றல்: "சைவக் குடும்பங்கள்" எதற்கு? அதைப் படித்தாலே எங்களைப் போன்றவர்கள் போன் பண்ண மாட்டோம். சாதி கேட்க மரியாதையான வார்த்தை அது.

மனையடி: அடுக்ககத்தில் யார் இருக்கிறார்கள் என்பது தகவல்தானே?

தென்றல்: வாடகைக்கு அலைந்தபோது "சைவமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர்கள் நான்கு பேர். என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதைத் தகவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேளச்சேரி72: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஃப்ளாட், முதல் மாடி, 2009-இல் கட்டியது. 1,150 சூப்பர் பில்டப், யூடிஎஸ் 520. வெள்ளத்தில் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. அதை எழுதினால் யார் வருவார்கள்?

பத்திரக்காரர்: 1882 சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவு: வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்லியாக வேண்டும்.

தாமரை: சட்டம் இருக்கட்டும். இப்படிப் போடுங்கள் தம்பி: "முதல் மாடி. சூப்பர் பில்டப் 1,150, யூடிஎஸ் 520. 2015 வெள்ளத்தில் கார் நிறுத்துமிடம் வரை தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. குடிக்க மெட்ரோ தண்ணீர், புழங்க போர் தண்ணீர்." கார்ப்பெட் ஏரியாவை அளந்து சேருங்கள். "அருகில்" வேண்டாம். ஸ்டேஷனுக்கு ஒரு தடவை நடந்து பார்த்து நிமிடத்தை எழுதுங்கள்.

வேளச்சேரி72: அப்படியே போட்டேன். நடந்தால் 14 நிமிடம். சைவம் வரியை எடுத்துவிட்டேன். இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் ஈசியும் (வில்லங்கச் சான்று) மூலப்பத்திர நகலும் கேட்டிருக்கிறார். நன்றி அக்கா.

கைகாட்டி: நல்லது. கார் நிறுத்துமிடம் உங்கள் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா? அதையும் பார்த்துவிட்டு நகலைக் கொடுங்கள்.