நாளைக் காலை முதன்முறையாக வகுப்பெடுக்க வேண்டும். ஓர் இரவில் எப்படித் தயாராவது?

கேள்வி: ஆய்வு மாணவி (மாலை 6:20)

வணக்கம். நான் புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. என் நெறியாளர் குடும்ப அவசரம் ஒன்றின் காரணமாக இன்று பிற்பகல் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். புறப்படும்போது, "நாளைக் காலை பத்து மணி வகுப்பை நீ எடுத்துவிடு, பேயீஸ் தேற்றம்தான், உனக்குத் தெரிந்ததுதானே" என்று சொல்லித் தம்முடைய ஸ்லைடுகளை மின்னஞ்சலில் அனுப்பிவைத்தார். புதிய தகவல் ஒன்று கிடைத்தபின் ஒரு நிகழ்தகவு எப்படி மாறுகிறது என்று கணக்கிடும் விதி அது. இளநிலை இரண்டாம் ஆண்டு வகுப்பு, 60 மாணவர்கள், 50 நிமிடங்கள். இதுவரை ஆய்வுக் கூட்டங்களில் பேசியிருக்கிறேனே தவிர, ஒரு வகுப்பைக்கூட எடுத்ததில்லை.

பாடம் எனக்குத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஸ்லைடுகள் மொத்தம் 42. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுப் பேசிப் பார்த்தேன். ஒன்பதாவது ஸ்லைடை முடிப்பதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. அவர்களைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவள் என்பதால் மதிப்பார்களா என்ற தயக்கமும், பதில் தெரியாத கேள்வியை யாரேனும் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் இருக்கின்றன. தூங்கும் நேரம் போக எனக்கு நான்கு மணி நேரம்தான் மிச்சம். அதை எப்படிச் செலவிடலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கரும்பலகை (மாலை 6:55)

முதல் வேலையாக அந்த 42 ஸ்லைடுகளையும் மூடிவைத்துவிடுங்கள். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எதை வேகமாகக் கடக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றை எழுதியவரின் மனத்தில் இருக்கிறது, ஸ்லைடில் இல்லை. ஓர் இரவில் அதை நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதன் அடி முதல் நுனி வரை தயார் செய்யுங்கள். ஒரு கணக்கை முழுமையாகப் புரிந்துகொண்டு வெளியேறும் வகுப்பு, ஆறு கணக்குகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வகுப்பைவிட மேலானது என்பது இருபது ஆண்டுகளாக நான் கண்டது.

பேயீஸ் தேற்றத்துக்கு நான் வழக்கமாக எடுப்பது இந்தக் கணக்கு. ஒரு நோய் 1000 பேரில் 10 பேருக்கு இருக்கிறது. ஒரு பரிசோதனை, நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது. நோயில்லாதவர்களில் 10 சதவீதம் பேருக்குத் தவறுதலாக 'உண்டு' என்று சொல்லிவிடுகிறது. ஒருவருக்கு 'உண்டு' என்று முடிவு வந்திருந்தால், அவருக்கு உண்மையிலேயே நோய் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? சூத்திரத்தைக் காட்டுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைப் பலகையில் எழுதி, ஒவ்வொருவரும் தம் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் 80, 90 என்றுதான் எழுதுவார்கள்.

பிறகு சதவீதத்தைக் கைவிட்டு ஆட்களை எண்ணுங்கள். பலகையின் நடுவில் 1000 என்று எழுதி இரண்டு கிளைகளாகப் பிரியுங்கள்: நோயுள்ளவர் 10, இல்லாதவர் 990. பத்துப் பேரில் 9 பேருக்கு 'உண்டு' என்று வரும். 990 பேரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 99 பேருக்கும் 'உண்டு' என்றே வரும். ஆக 'உண்டு' என்று முடிவு வந்தவர்கள் 108 பேர். அவர்களுள் நோயுள்ளவர்கள் 9 பேர் மட்டுமே. பன்னிரண்டில் ஒன்று, ஏறத்தாழ 8 சதவீதம். 99 என்ற எண்ணைப் பலகையில் எழுதும் கணத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அப்போது அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். சூத்திரத்தின் பகுதியில், அதாவது வகுத்தல் கோட்டுக்குக் கீழே, ஏன் இரண்டு உறுப்புகளைக் கூட்டுகிறோம் என்பது அந்த 9-உம் 99-உம் அருகருகே நிற்கும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. சதவீதத்தைவிட ஆட்களின் எண்ணிக்கையாகச் சொன்னால் இத்தகைய கணக்குகளைப் பலரும் எளிதாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கெர்ட் கிகரென்சர், உல்ரிச் ஹோஃப்ராகே ஆகிய இருவரும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதைப் படிப்பதற்கு முன்பே பல ஆசிரியர்கள் பலகையில் இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

உங்கள் நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்தை, எழுந்து நின்று, கையில் எழுதுகோலுடன் இந்தக் கணக்கைச் சுவரில் ஒட்டிய தாளில் எழுதியபடியே பேசிப் பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். உட்கார்ந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் முடியும் பகுதி, எழுதிக்கொண்டே பேசும்போது இருபது நிமிடத்தைத் தின்றுவிடும். பாடக்குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதன் ஓரத்தில் கடிகார நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 10:10-க்கு ஊகம் எழுதி முடிந்திருக்க வேண்டும், 10:25-க்கு 108 வந்திருக்க வேண்டும், 10:35-க்குச் சூத்திரம், அதன்பின் அவர்களே செய்ய ஒரு கணக்கு. பின்தங்கினால் எதைக் கைவிடுவீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வகுப்பில் நின்றுகொண்டு அந்த முடிவை எடுக்க முடியாது. பேயீஸ் 1761-இல் இறந்ததையும், அவருடைய கட்டுரை அவருக்குப் பின் 1763-இல் அச்சேறியதையும் சொல்ல ஆசையாகத்தான் இருக்கும். முதலில் கைவிட வேண்டியது அதைத்தான்.

பதில் 2: மாறுபட்ட கருத்து (இரவு 7:30)

கரும்பலகை ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஸ்லைடுகளை அடியோடு மூடிவைக்கச் சொன்னதை மட்டும் ஏற்க இயலவில்லை. அந்த மாணவர்களுக்குத் தேர்வு வைக்கப்போவது உங்கள் நெறியாளர். அவர் ஒரு குறியீட்டைப் பயன்படுத்தி, நீங்கள் வேறொன்றைப் பயன்படுத்தினால், அடுத்த வாரம் அவர்கள் படும் குழப்பத்துக்கு நீங்கள் பொறுப்பாவீர்கள். நான் மாணவனாக இருந்தபோது இப்படித் திடீரென வந்தவர் ஒருவர், எங்கள் ஆசிரியர் பெரிய ஆங்கில எழுத்தில் (A, B என்று) குறித்துவந்த நிகழ்ச்சிகளையெல்லாம் சிறிய எழுத்தில் (a, b என்று) எழுதினார்; அந்த ஒரு மணி நேரமும் பாதிப் பேர் எது எதைக் குறிக்கிறது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எனவே நெறியாளருக்கு இப்போதே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். அவர் அவசரத்தில் இருப்பதால் மூன்றே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியவையாக இருக்கட்டும்: சென்ற வகுப்பில் எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், நாளை கட்டாயம் சென்று சேர வேண்டிய இடம் எது, வீட்டுப்பாடம் ஏதேனும் நிலுவையில் உள்ளதா. பதில் வராவிட்டால், வகுப்பில் ஒரு மாணவரின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாலே முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். 42 ஸ்லைடுகளில் தேற்றத்தின் கூற்று உள்ள ஒன்றையும், அவர் குறியீடுகளை வரையறுத்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றை வகுப்புக்குப் பின் மாணவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

பதில் 3: ஆய்வு மாணவி (இரவு 8:05)

இருவருக்கும் மிக்க நன்றி. நெறியாளரிடமிருந்து பதில் வந்துவிட்டது: நிபந்தனை நிகழ்தகவின் (ஒன்று நடந்திருக்கும்போது இன்னொன்று நடப்பதற்கான நிகழ்தகவு) வரையறை முடிந்திருக்கிறது, பெருக்கல் விதி வரை வந்திருக்கிறார், வீட்டுப்பாடம் ஏதுமில்லை. கணக்கை ஒருமுறை சுவரில் எழுதிப் பார்த்தேன். 23 நிமிடங்கள் ஆயிற்று. கேள்வி கேட்டால் அனைவரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்களோ என்பதுதான் இப்போதைய கவலை. அந்த அமைதியில் நானே பதிலையும் சொல்லிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பதில் 4: மூன்றாவது வரிசை (இரவு 8:40)

எல்லா ஆசிரியர்களும் அதைத்தான் செய்கிறார்கள். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடிகளுக்கு மேலாக நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன. பதிலே சொல்லாமல் இருப்பது குறைந்தது. யாரும் கேட்காமலே பேச முன்வருவோரும் கூடினர். மூன்று நொடி என்பது காகிதத்தில் சிறியதாகத் தெரிகிறது. பலகை முன்னால் நின்று பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று புரியும். நான் கேள்வி கேட்டதும் எழுதுகோலை மூடி, மேசைமேல் வைத்து, இரண்டு அடி பின்னால் நகர்வேன். இதற்குள் ஐந்து நொடி கடந்துவிடும். கைக்கு வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்கும்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு உலகெங்கும் ஒரே பதில்தான். "இந்த 99 எங்கிருந்து வந்தது, பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லுங்கள்" என்று சொன்னால் வகுப்பே பேசும். கை தூக்கச் சொல்வதாக இருந்தால், அதற்கு முன் விடையை எழுதவைத்துவிடுங்கள். இல்லையேல் முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை கை தூக்கும். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மாஸூர் 1991 முதல் கையாண்ட முறை இதையொட்டியதுதான்: தனியாக விடையைத் தேர்ந்தெடுத்தல், அருகிலிருப்பவருடன் வாதாடுதல், மீண்டும் தேர்ந்தெடுத்தல். ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் முதலில் சரியான விடையைத் தொட்டிருக்கும்போதுதான் அந்த வாதம் பயன் தரும் என்பது அம்முறையின் நடைமுறை விதி. உங்கள் முதல் ஊகக் கேள்வியில் ஏறக்குறைய எல்லோரும் தவறாகவே சொல்வார்கள் என்பதால், அங்கே வாதாடவிடாமல் நேராக எண்ணத் தொடங்குங்கள். இறுதிக் கணக்குக்கு இம்முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் தெரியாத கேள்வி வந்தால், அதைப் பலகையின் வலது ஓரத்தில் கேட்டவரின் சொற்களிலேயே எழுதி, எந்த நாளுக்குள் விடை வரும் என்று சொல்லிவிடுங்கள். வயதைப் பற்றிய தயக்கத்துக்கு என்னிடம் தனியான மருந்து இல்லை. "நான் ஆய்வு மாணவி, இன்று ஒரு நாள் இந்த வகுப்பை எடுக்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போய்விடுங்கள். முதல் வகுப்பு, தயாரிப்புக்கு நேரமில்லை, மன்னியுங்கள் என்றெல்லாம் தொடங்கினால், அதுவரை எதையும் கவனிக்காதவர்கள்கூட உங்கள் தவறுகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

பதில் 5: கடைசி பெஞ்சு (இரவு 9:10)

மற்றவர்கள் விட்டுவிட்ட சில்லறை விஷயங்கள். கால்மணி நேரம் முன்னதாகப் போய், பலகையில் '990' என்று எழுதிவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்து சென்று அது படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பலகையின் கீழ் கால்பகுதி முன்னால் இருப்பவர்களின் தலையால் மறைந்துவிடும். எழுதும் பேனா எழுதுகிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வருகைப்பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மறக்க வேண்டாம். பாடம் ஐந்து நிமிடம் முன்னதாக முடிந்தால் விட்டுவிடுங்கள், யாரும் புகார் சொல்லப்போவதில்லை.

பதில் 6: ஆய்வு மாணவி (மறுநாள் பிற்பகல் 1:15)

வகுப்பு முடிந்துவிட்டது. நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஊகம் எழுதச் சொன்னபோது 60 பேரில் மூன்று பேர்தான் 50-க்குக் கீழே எழுதியிருந்தார்கள். 99 என்று எழுதியதும் கரும்பலகை ஐயா சொன்ன சலசலப்பு எழவில்லை, முழு அமைதிதான். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். ஏழு நொடிகள் இருக்கும். பிறகு சன்னலோரத்தில் இருந்த ஒரு மாணவர், "அப்படியானால் பரிசோதனை எதற்கு?" என்று கேட்டார். ஆயிரத்தில் பத்தாக இருந்தது பன்னிரண்டில் ஒன்றாகக் கூடியிருக்கிறது என்று அவருக்கு அடுத்திருந்தவரே பதில் சொல்லிவிட்டார். நான் பேச வேண்டியிருக்கவில்லை.

10:25-க்கு வர வேண்டிய 108, 10:33-க்குத்தான் வந்தது. கடைசிக் கணக்கைக் கைவிடுவதென இரவே முடிவு செய்திருந்ததால் பதற்றம் இல்லை. ஆனால் அதற்கான தேவையே எழவில்லை. ஒரு மாணவி, 'உண்டு' என்று வந்த 108 பேருக்கும் மறுபடி அதே பரிசோதனையைச் செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதையே வகுப்புக்குக் கணக்காகக் கொடுத்துவிட்டேன். ஒன்பது பேரில் 8.1, தொண்ணூற்றொன்பது பேரில் 9.9, ஆக மொத்தம் 18, அவற்றுள் 8.1 என்பது 45 சதவீதம். 8.1 ஆள் எப்படி இருக்க முடியும் என்று ஒரு சிரிப்பு எழுந்தது. அது சராசரி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதன் பிறகும் அந்த மாணவி விடவில்லை. முதல் முறை ஒருவருக்குத் தவறான முடிவு வந்ததற்கு அவருடைய இரத்தத்திலேயே ஏதேனும் காரணம் இருந்தால், இரண்டாம் முறையும் அதே தவறு வருமல்லவா, பிறகு எப்படி மீண்டும் பத்து சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார். இரண்டு சோதனைகளின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை என்று நான் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதை ஒப்புக்கொண்டு, கேள்வியை அவருடைய சொற்களிலேயே பலகையின் வலது ஓரத்தில் எழுதினேன். சார்ந்திருந்தால் 45 எவ்வளவு குறையும் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் கணக்கிட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வகுப்பையும் நீயே எடுத்துவிடு என்று நெறியாளர் சற்றுமுன் செய்தி அனுப்பியிருக்கிறார்.