ஜெபிக்கக்கூட முடியாத சோர்வு. இளைப்பாறுதல் எப்படிக் கிடைக்கும்?

ஆற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார், பார்த்துக்கொள்வது நான்தான். பகலில் பள்ளிக்கூட வேலை, ராத்திரி பலமுறை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையாவது உட்காரலாம் என்றால் காலையில் ஓய்வுநாள் பள்ளி (பிள்ளைகளுக்கு வேதப்பாடம்), ஆராதனையில் பாடகர் குழு, மத்தியானம் பெண்கள் ஐக்கிய சங்கம். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம் வேறு. வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முழங்காலிட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். சபையில் ஒரு மூத்த சகோதரியிடம் சொன்னதற்கு, "ஜெபக்குறைவுதான், நாலு மணிக்கு எழுந்து ஜெபி" என்றார். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்ற இயேசுவின் வசனம் எங்கள் வீட்டுக் காலண்டரிலேயே இருக்கிறது. வந்துதானே இருக்கிறேன், அப்புறம் ஏன் அந்த இளைப்பாறுதல் வரவில்லை? என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

கேரீத் எழுதியது:

அக்கா, நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். தூங்குங்கள்.

1 இராஜாக்கள் 19ஐ மெதுவாகப் படித்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்த எலியா தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் மிரட்டலைக் கேட்டு வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார், சாவைக் கேட்கிறார். அதற்குக் கர்த்தர் அவருடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தூங்க விடுகிறார். தூதன் வந்து தொட்டு எழுப்பும்போது தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் கண்டிப்பு இல்லை. தூதன் இரண்டாம் முறை வந்து, பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம், எழுந்து சாப்பிடு என்றுதான் சொல்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியே நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. அங்கேயும் கடைசியில் எலிசாவை அபிஷேகம்பண்ணச் சொல்கிறார், அதாவது ஒரு துணை ஆளைக் கொடுக்கிறார். உங்களுக்கு எலிசா யார் என்று யோசியுங்கள். வீட்டுக்காரரா, நாத்தனாரா?

வெள்ளைச்சேலை எழுதியது:

நான் நர்ஸ். முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் சிஸ்டர், ஹீமோகுளோபினும் தைராய்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை அழுகையாக வந்தால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள், மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பது அவிசுவாசம் இல்லை. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டியது உண்மைதான், ஆனால் ராத்திரி முழுக்க ஒரே ஆள் செய்யக் கூடாது, முறை வைத்துக்கொள்ளுங்கள். ஏர் பெட் (மோட்டாரால் காற்று நிரப்பும் மெத்தை) போட்டால் புண் வரும் ஆபத்து குறையும், புரட்டுவதை மட்டும் விட்டுவிட முடியாது.

மூப்பன் எழுதியது:

மகளே, காலண்டரில் மத்தேயு 11இன் 28ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 29ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான் மனத்தாழ்மையும் சாந்தமுமாயிருக்கிறேன், என் நுகத்தை ஏற்றுக்கொண்டு என்னிடத்தில் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். அவர் வைக்கிற நுகமும் உண்டு, மனுஷர் ஏற்றுகிற சுமையும் உண்டு. அதே மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், சுமப்பதற்கரிய சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்மேல் வைத்துவிட்டுத் தாங்கள் ஒரு விரலாலும் தொடாதவர்களைப் பற்றி அவரே கோபமாகப் பேசுகிறார். இளைப்பாறுதல் தருவேன் என்ற உடனே 12ஆம் அதிகாரம் எதில் தொடங்குகிறது? பசியில் கதிர் கொய்து தின்ற சீஷர்களை ஓய்வுநாள் பேரைச் சொல்லிப் பரிசேயர் என்ற மதக் கண்டிப்பாளர்கள் குற்றம்சாட்டுவதில். ஓய்வுநாளே ஒரு சுமையாகிப்போன காலம் அது. உபாகமம் 5இல் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணமே, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீ எகிப்திலே அடிமையாயிருந்ததை நினை என்பதுதான்.

மாமியாரைப் பார்ப்பது அவர் வைத்த நுகம் என்றே வைத்துக்கொள்வோம். மற்ற நாலு பொறுப்புகளும் அப்படித்தானா? நான் சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) இருந்தவன், சொல்கிறேன்: முடியாது என்று சொல்லாதவர்கள் தலையில்தான் எல்லாவற்றையும் கட்டுவோம். ஐயரிடம் (சபைப் போதகரிடம்) போய் இந்த வருஷம் பாடகர் குழுவும் சங்கமும் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஆராதனையில் கடைசி பெஞ்சில் வெறுமனே உட்கார். பாட்டை மற்றவர்கள் பாடட்டும், கேட்டுக்கொண்டிரு.

திருச்சிக்காரன் எழுதியது:

நான் கத்தோலிக்கன், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜெபிக்க வார்த்தை வராதபோது சொந்த வார்த்தை தேட வேண்டாம். எங்கள் திருப்புகழ்மாலையில் (தினசரி செபப் புத்தகத்தில்) வெள்ளிக்கிழமைதோறும் இரவு செபத்துக்கு வருவது சங்கீதம் 88, தொடக்கம் முதல் முடிவுவரை புலம்பல், ஆறுதலான முடிவு கிடையாது. களைத்துப்போனவன் அதையும் ஆண்டவரிடமே சொல்லலாம் என்றுதானே வைத்திருக்கிறார்கள்! அதுவும் முடியாத ராத்திரியில் "உம்முடைய கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்ற ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுங்கள், தூக்கம் வந்தால் வரட்டும்.

ஆற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார் என்பதை இத்தனை வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை, படித்துவிட்டு அழுதேன். பாடகர் குழுவை விடுவதுதான் கஷ்டம், அந்தப் பாட்டுகள்தான் எனக்கு மிச்சம் இருக்கும் சந்தோஷம். சங்கத்தையும் வெள்ளிக்கிழமையையும் விடுகிறேன், ஐயரிடம் பேசிவிடுகிறேன். நாத்தனாரிடம் சனிக்கிழமை ராத்திரி மட்டும் வரச்சொல்லிக் கேட்கப்போகிறேன். நர்ஸ் சிஸ்டர், ஏர் பெட் வாடகைக்குக் கிடைக்குமா, வாங்கத்தான் வேண்டுமா?

வெள்ளைச்சேலை எழுதியது:

மருத்துவ உபகரணக் கடைகளில் வாடகைக்கும் கொடுப்பார்கள், விசாரியுங்கள். மோட்டார் சத்தம் போடுகிறதா என்று அங்கேயே ஓடவிட்டுப் பார்த்து எடுங்கள், நீங்களும் அதே அறையில்தானே தூங்க வேண்டும்.