ஆஸ்திரேலியாவின் 202 விசா படிவம் நிரப்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம், கும்பகோணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் கடைக்குப் பதினைந்து வருஷமாக ஜாக்கெட் தைத்துத் தரும் அக்கா ஒருவர், 1990-இல் இலங்கையிலிருந்து படகேறி மண்டபம் வந்து இறங்கியவர், இப்போது திருச்சி பக்கம் மறுவாழ்வு முகாமில் இருக்கிறார். ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற அவருடைய தம்பி, மனிதாபிமானத் திட்டத்தில் 202 விசாவுக்கு அக்காவை முன்மொழிகிறார். முன்மொழிபவர் தரவேண்டிய 681 படிவத்தை அவர் முடித்துவிட்டார், அக்காவின் விண்ணப்பப் படிவமான 842-ஐ நான்தான் கூட உட்கார்ந்து நிரப்புகிறேன்.

சொந்த நாட்டில் என்ன பாகுபாடு என்று கேட்கும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருஷம் இங்கேயே இருந்தவர், 1990-இல் நடந்ததை எழுதுவதா, இன்று திரும்பிப் போனால் என்ன ஆகும் என்பதை எழுதுவதா? பிறப்புச் சான்றிதழ் வேறு அன்றைக்கே உப்புத்தண்ணீரில் நனைந்து, அப்பா பெயர் இருந்த இடம் வெறும் பழுப்புக் கறை. அப்புறம், இந்தியாவை விட்டுப் போக வெளியேறும் அனுமதி வாங்குவது விசா வந்த பிறகா, முன்பேயா?

ஒரு ஏஜென்ட் விண்ணப்பக் கட்டணம் என்று இரண்டு லட்சம் கேட்டிருக்கிறார். இந்த விசாவுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது, விமான டிக்கெட் செலவைத்தான் தம்பி பார்த்துக்கொள்ள வேண்டும், தயவுசெய்து யாரும் ஏமாற வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ராத்திரி எந்நேரமானாலும் பார்ப்பேன்.