ஜி.ஆர்.இ. வாசிப்பு: பந்தி விளங்குகிறது, பந்தியின் அமைப்பு விளங்கவில்லை

கேள்வி (கல்லடி):
வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், தாவரவியல் முடித்துவிட்டு, வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. பரீட்சைக்குப் படிக்கிறேன். சொற்கள் பிரச்சினையில்லை. பந்தி என்ன சொல்கிறது என்பதும் விளங்குகிறது. ஆனால் "இந்த வாக்கியம் இங்கே எதற்காக வருகிறது?" என்று கேட்டால் இரண்டு விடைகளுக்கு நடுவே நின்றுவிடுகிறேன். நான் விசாரித்த ரியூஷன் வகுப்புகளெல்லாம் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையோடு சரி. வீட்டிலிருந்தே எப்படிப் பழகுவது?

பதில் (கல்முனை):
ஆங்கிலச் சஞ்சிகைகளை நிறைய வாசியுங்கள். தானாக வரும்.

பதில் (ஏறாவூர்):
தங்கச்சி, தானாக வராது. வாசிப்பு வேகத்தைத் தரும்; இந்த வினா கேட்பது வேறு. உங்கள் ஊர்ச் சங்கதியையே எடுங்கள்:

"கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் கேட்கும் ஓசை மீன்களுடையது என்பார்கள். சிலர் அது சிப்பிகளுடையது என்பார்கள். ஆனால் இரு சாராருமே ஓசை ஓர் உயிரியிடமிருந்துதான் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாறை இடுக்கில் நீர் புகுந்து வந்தாலும் ஓசை எழலாம்."

மூன்றாம் வாக்கியத்தின் வேலை என்ன? "ஆனால்" கண்ணில் பட்டதும் "சிப்பிக் கருத்தை மறுக்கிறது" என்ற விடைக்குக் கை போகும். அது எதையும் மறுக்கவில்லை. இரண்டு கருத்துக்கும் அடியில் கிடக்கும் ஓர் அனுமானத்தை வெளியே எடுத்து வைக்கிறது. நான்காம் வாக்கியம் நுழைய வழி விடுகிறது.

பிழையான விடைகளில் பெரும்பாலும் பொருள் சரியாக இருக்கும், வினைச்சொல் பிழையாக இருக்கும். ஆகவே விடைகளில் வினையை முதலில் பாருங்கள்: மறுக்கிறதா, வரம்பிடுகிறதா, உதாரணம் தருகிறதா? "ஒரு கொள்கையை விளக்கி, பின் அதை நிராகரிக்கிறது" போன்ற இரட்டை விடையில் பின்பாதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். முன்பாதி சரியென்ற மகிழ்ச்சியில் பலர் அங்கேயே குறியிட்டுவிடுகிறார்கள். மூன்று விடைகளில் பொருந்துவனவற்றையெல்லாம் தெரிவு செய்யச் சொன்னால் பாதிப் புள்ளி கிடையாது.

விடைகளை மூடிவைத்து, வாக்கியத்தின் வேலையை முதலில் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். பழகியபின் விட்டுவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. அண்ணாவின் பழைய பயிற்சிப் புத்தகம் இருக்கிறது. உதவுமா?

பதில் (ஏறாவூர்):
பந்திகள் உதவும், நேரக் கணக்கு உதவாது. 2023 செப்டம்பரில் பரீட்சையைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது மொழிப் பகுதி இரண்டு: 12 வினாவுக்கு 18 நிமிடம், 15 வினாவுக்கு 23 நிமிடம். பரீட்சையை நடத்தும் இ.டி.எஸ். இலவசமாகத் தரும் பவர்பிரெப் மாதிரிப் பரீட்சைகள் இரண்டில் ஒன்றைக் கடைசி வாரத்துக்கு வைத்திருங்கள்.