புதுப்பிப்பு: டெலிபோன் பூத் வழியாக ஒரு பார்

நியூயார்க்கின் ‘பிளீஸ் டோன்ட் டெல்’ பாரில் சாப்பிடவும் ஏதாவது கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம், கிடைக்கிறது. செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் கிரிஃப் டாக்ஸ் என்ற ஹாட் டாக் கடை, அதற்குள் ஒரு டெலிபோன் பூத். ரிசீவரை எடுத்துப் பேசினால் உள்பக்கச் சுவர் கதவாகத் திறக்கும். 2007 முதல் இப்படித்தான்.

‘பென்டன்ஸ் ஓல்ட் ஃபேஷன்ட்’ என்ற காக்டெயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேக்கன் (புகையூட்டிய பன்றி இறைச்சி) கொழுப்பை உருக்கி போர்பன் விஸ்கியில் கலந்து ஊறவைக்கிறார்கள். அப்புறம் குளிரில் உறையவிட்டு, கட்டியான கொழுப்பை வடித்துவிடுகிறார்கள். புகைமணம் மட்டும் தங்கிவிடுகிறது, மேப்பிள் சிரப்பின் இனிப்போடு. அப்படியொரு சுவை! அதற்காகவே போகலாம்.

சாப்பாடு அந்த கிரிஃப் டாக்ஸ் கடையின் ஹாட் டாக்தான். நடுவில் வைத்து எல்லோரும் பங்கிட்டுக்கொண்டோம். இடம் ரொம்பச் சின்னது, முன்பதிவு செய்துவிட்டே போங்கள்.