அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பிஸ்டல் பீட் மாராவிச்: மண்டையை விட்டுப் போகாத ஒரு தருணம் சொல்லுங்க

ஸ்கோர்ஷீட்:
அவரோட என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை லீக்) கணக்குல மூணு பாயிண்ட் பத்தியைப் பாருங்க. ஒன்பது சீசனுக்குக் காலி. பத்தாவதா 1979-80, அதுல 15 ஷாட்டுக்கு 10. முழங்கால் போயி, யூட்டாவில பென்ச்சில உட்கார வச்சு, பாதியில பாஸ்டனுக்குப் போன வருஷம் அது. தூரத்துலேர்ந்து போட்டா மூணு பாயிண்ட் தர்ற அந்தக் கோடு என்பிஏவுக்கு வந்த முதல் வருஷம்தான் இவருக்குக் கடைசி வருஷம். எல்லாரும் காலேஜ்ல அடிச்ச 3,667 பாயிண்டைப் பத்தியே பேசுறாங்க. எனக்கு உறுத்துறது இந்தப் பதினஞ்சுதான்.

பென்ச்வாசி:
1977 பிப்ரவரி 25, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம், நியூயார்க் நிக்ஸுக்கு எதிரா 68 பாயிண்ட். ஷாட் 43க்கு 26, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற ஒரு பாயிண்ட் ஷாட்) 20க்கு 16. மறிச்சு நின்னவர் சாதாரண ஆளில்லை, வால்ட் ஃப்ரேசியர். இதெல்லாம் தெரிஞ்ச கதை. விடாம நிக்கிறது 1 நிமிஷம் 18 செகண்ட் பாக்கி இருக்கும்போது விழுந்த ஆறாவது ஃபவுல். அவரோட டீம் ஜாஸ் ஜெயிச்சாச்சு (124-107), ஆறு ஃபவுல் ஆனதால ஆள் மட்டும் வெளியே. அதுவரைக்கும் ஒரே ஆட்டத்துல 70ஐத் தொட்டவங்க சேம்பர்லைன், பேய்லர் ரெண்டே பேர். விட்ட நாலு ஃப்ரீ த்ரோவும் விழுந்திருந்தா 72, பேய்லரோட 71 கீழே போயிருக்கும்.

ஆறாவது ஃபவுல்:
3,667ன்னு சொல்ற வாய் 3,166ன்னும் சொல்லணும். அவரோட காலேஜ் எல்எஸ்யூவில (லூசியானா ஸ்டேட்) அவர் எறிஞ்ச ஷாட் அத்தனை. 83 ஆட்டம், ஆட்டத்துக்கு 38. உள்ளே போனது 1,387, அதாவது 43.8 சதவீதம். கோச் யாரு? பெத்த அப்பா பிரெஸ் மாராவிச். மூணு வருஷத்துல டீம் ஜெயிச்சது 49, தோத்தது 35. காலேஜ்களுக்கான தேசியப் போட்டி, என்சிஏஏ டோர்னமென்ட் பக்கமே போகலை. 1970 பிப்ரவரி 7, அலபாமாவில இவர் 69 அடிச்சார், டீம் 104-106ல தோத்துச்சு. 69 அடிச்சும் தோல்வி! எனக்கு மறக்காதது அந்த ராத்திரி.

ஸ்கோர்ஷீட்:
ஆறாவது ஃபவுல், பீட் மெயின் டீமுக்கு வர்றதுக்கு முந்தின சீசன்ல அதே டீம் ஜெயிச்சது 3, தோத்தது 23. அதையும் சேர்த்து எழுதுங்க. அப்போ முதல் வருஷப் பசங்க மெயின் டீம்ல ஆடக்கூடாதுன்னு விதி, அதனால 3,667 மூணே வருஷக் கணக்கு. 2023ல இன்னொரு காலேஜ் ஆட்டக்காரர் ஆன்டுவான் டேவிஸ் 144 ஆட்டம் ஆடி 3,664ல நின்னார், மூணு பாயிண்ட் குறை. 2024 மார்ச் 3ல பெண்கள் காலேஜ் ஆட்டத்துல கெய்ட்லின் கிளார்க் ஃப்ரீ த்ரோ போட்டுத் தாண்டினாங்க. பெரிய ஆட்டக்காரி, மறுக்கலை. ஆனா ரெண்டு பேருக்கும் மூணு பாயிண்ட் கோடு இருந்துச்சு.

எல்போ உள்ளே:
1969 டிசம்பர் 22, ஒரிகன் ஸ்டேட் காலேஜுக்கு எதிரா. ஃப்ரீ த்ரோ 31க்கு 30. அந்த ஒண்ணு எப்படித் தப்பிச்சதுன்னுதான் எனக்கு.

கேட்கலைன்னாலும் சொல்லிடறேன், இங்கே நிறைய பேர் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்க. ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து வளையத்துக்குப் பின்னாடி இருக்கிற போர்டுக்கு 15 அடி. வளையத்தோட நடு போர்டுக்கு 15 அங்குலம் முன்னாடி இருக்கு. ஆக, பந்து போக வேண்டியது 13 அடி 9 அங்குலம். வளையம் 18 அங்குலம், பந்து ஒன்பதரைக்குக் கொஞ்சம் கம்மி. பக்கத்துக்கு நாலு அங்குலத்துக்கு மேல இடம் இருக்கு. அப்புறம் ஏன் தப்புது? முழங்கை வெளியே விரியும், பந்து பக்கவாட்டுல சுத்தும், வளையத்துல பட்டா வழுக்கி ஓடிடும். கடைசி குவார்ட்டர்ல ஷாட் குட்டையா விழுந்தா கையைத் திட்டாதீங்க. கால் சோர்ந்து முழங்கால் மடங்கலைன்னு அர்த்தம்.

அப்புறம் அவர் சின்ன வயசுல அப்பாகிட்டப் பழகின பந்துப் பயிற்சி. பிரெட்ஸல்: காலை அகட்டி, முழங்காலை மடக்கி நிக்கணும். பந்து ரெண்டு காலுக்கும் நடுவுல, ஒரு கை முன்னாடியிருந்து, ஒரு கை பின்னாடியிருந்து பிடிச்சிருக்கும். விட்டுட்டு, தரையைத் தொடறதுக்குள்ள கை மாத்திப் பிடிக்கணும். பசங்க திருட்டுத்தனமா பந்தை லேசா மேலே தூக்கிவிட்டு நேரம் சம்பாதிப்பாங்க. அப்படிச் செஞ்சா ஒரு பிரயோஜனமும் இல்லை, பந்து நேரா கீழே விழணும். ரிகோஷே: தலைக்கு மேலே ரெண்டு கையிலும் பந்து, ரெண்டு காலுக்கும் நடுவே தரையில ஓங்கி அடிச்சு, முதுகுக்குப் பின்னாடி பிடிக்கணும். குதிகாலுக்கு நேரா அடிச்சா பந்து பின்னாடி எழும்பும். முன்னங்காலுக்கு முன்னாடி அடிச்சா எங்கே எழும்பும்னு நான் சொல்லத் தேவையில்லை. பாதி வேகத்துல ஆரம்பிங்க.

ஆறாவது ஃபவுல்:
வித்தை காட்டித்தான் முழங்காலே போச்சு. 1978 ஜனவரி, பஃபலோவுக்கு எதிரா, ஜெயிச்சுக்கிட்டிருக்கிற ஆட்டம். அந்தரத்துல காலுக்கு நடுவே ஒரு நீள பாஸ். பந்து சரியா போய்ச் சேர்ந்துச்சு, வலது முழங்கால் கிழிஞ்சுச்சு. ரெண்டு கையும் தொடைக்குக் கீழே மாட்டினா இறங்கும்போது உடம்பு நேரா வராது, ஒத்தைக் கால்ல திருகி விழும். செஸ்ட் பாஸ் போட்டிருக்கலாம்.

எல்போ உள்ளே:
அதுக்கும் பிரெட்ஸலுக்கும் என்ன சம்பந்தம்? பிரெட்ஸல் நின்ன இடத்துல செய்றது.

மூணாவது குவார்ட்டர்:
சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்க. என்னை விடாதது 1988 ஜனவரி 5. கலிஃபோர்னியா பாசடீனா, ஒரு சர்ச் ஜிம், நண்பர்களோட சும்மா ஒரு ஆட்டம். ஆடி நிறுத்தினவர் அப்படியே சாய்ஞ்சார். வயசு 40, ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்து ஒரு வருஷம்கூட ஆகலை. பிரேதப் பரிசோதனையில தெரிஞ்சது, பிறவியிலேயே இடது கரோனரி தமனி இல்லை. இதயத்தோட இடது பக்கத் தசைக்கு, உடம்பு முழுக்க ரத்தம் தள்ளுற பக்கத்துக்கு, பெரும்பாலும் ரத்தம் கொடுக்கிறதே அதுதான். அத்தனை வருஷமும் வலது தமனி ஒண்ணே ரெண்டு வேலையையும் பார்த்திருக்கு. என்பிஏவில மட்டும் 658 ஆட்டம்.

பசங்க விஷயத்துல ஒண்ணு: படுக்க வச்சு எடுக்கிற இசிஜியில தமனிக் கோளாறு பெரும்பாலும் தெரியாது. ஓடும்போது நெஞ்சை அழுத்துது, ஆடும்போது மயக்கம் வருதுன்னு ஒரு தடவை சொன்னாலும் ஆட்டத்தை நிறுத்திட்டு இதய டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கும்போது ரெண்டு கரோனரியும் எங்கேயிருந்து கிளம்புதுன்னு பார்க்கச் சொல்லிக் கேளுங்க. சந்தேகம்னா சிடி ஆஞ்சியோ (ரத்தக் குழாய் ஸ்கேன்). வெயில், சாப்பிடலைன்னு நாமளே காரணம் சொல்லி குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து திரும்ப இறக்கி விடுறதுதான் வழக்கமா நடக்கிற தப்பு.