ஏ லெவல் ஆங்கில மொழி ஆய்வு: மகளின் தலைப்பு இரண்டாம் முறையும் திரும்பி வந்துவிட்டது

ஹரோ_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இங்கே இங்கிலாந்தில் 12ஆம் ஆண்டு, ஏ லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) படிக்கிறாள். ஏ.க்யூ.ஏ. தேர்வு வாரியத்தின் இங்கிலிஷ் லாங்வேஜ் பாடம். பள்ளிக்கூடத்திலேயே செய்து கொடுக்கும் பகுதிக்கு மொத்தப் புள்ளியில் 20 சதவீதம், அதில் பாதி இந்த மொழி ஆய்வுக்கு. 2,000 சொற்கள். தரவு, அதாவது ஆராய எடுக்கும் பேச்சோ எழுத்தோ, அந்தக் கணக்கில் சேராதாம்.

முதலில் 'சமூக ஊடகத்தில் ஆண்களும் பெண்களும் எழுதும் விதம்' என்று கொடுத்தாள். பெரிய விஷயம், சுருக்கு என்றார்கள். அப்புறம் 'லண்டன் இளைஞர்களின் பேச்சு' என்று மாற்றினாள். அந்தத் தாளின் ஓரத்தில் ஆசிரியை பென்சிலால் இரண்டே சொல் எழுதியிருக்கிறார்: "தரவு எங்கே?" பிள்ளை இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோடை விடுமுறைக்கு முன் தலைப்பைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் சின்னக் கடை வைத்திருக்கிறோம். என் ஆங்கிலம் கல்லாவில் நின்று பழகிய ஆங்கிலம், இதில் அவளுக்கு உதவத் தெரியவில்லை. செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

லெஸ்டர்_பொடியன்

அன்ரி, மூன்று வருடத்துக்கு முன் நானும் இதில் மாட்டினவன்தான். ஆண் பெண் பேச்சு மட்டும் வேண்டாம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்தார்கள், நானும்.

1975இல் சிமர்மன், வெஸ்ட் என்ற இருவர் ஆணும் பெண்ணும் பேசிய 11 உரையாடல்களில் 48 குறுக்கீடுகளை எண்ணி, 46 ஆண்களுடையவை என்று காட்டினார்கள். படிக்கும்போது ஆசையாக இருக்கும். நான் ஒரு தொலைக்காட்சி விவாதத்தை எடுத்தேன், நாலே பேர். அதில் ஒருவர் யாரையும் வாய் திறக்க விடாத மனுஷன். அது ஆண் என்பதாலா, அவர் சுபாவமே அப்படியா? முடிவுரைக்கு வந்தபோதுதான் இந்தக் கேள்வி உறைத்தது. பதில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பேச்சை எழுத்தாக்கும் வேலை. பேச்சு இடறிய இடம், நிறுத்திய நொடி, ஒருவர் மேல் ஒருவர் பேசியது எல்லாவற்றுக்கும் குறி போட வேண்டும். 12 நிமிடப் பேச்சுக்கு என் சனி, ஞாயிறு முழுக்கப் போனது. மூன்று, நாலு நிமிடம் போதும் என்று யாரும் அப்போது சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற_ரீச்சர்

தங்கச்சி, அந்தப் பென்சில் கேள்வி சரியான கேள்வி. பிள்ளைகள் தலைப்பை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு அதற்குத் தரவு தேடி அலைகிறார்கள். கையில் என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு, அதனிடம் என்ன கேட்கலாம் என்று யோசித்தால் வேலை பாதியாகும்.

என்னிடம் படித்த ஒரு பொடியன் நாடாளுமன்றத்தில் புதன்கிழமைப் பிரதமர் கேள்வி நேரத்தில் யார் யாரை இடைமறிக்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டான். தரவு ஹன்சாட், அதாவது நாடாளுமன்றப் பேச்சின் அதிகாரப்பூர்வப் பதிவு, பேசியதெல்லாம் அச்சில் தயாராக இருக்கிறதே என்றான். ஆனால் ஹன்சாட் பேச்சைத் துடைத்துத்தான் போடும். திரும்பச் சொன்னதை எடுத்துவிடுவார்கள், வெளிப்படையான பிழையைத் திருத்திவிடுவார்கள். அவன் தேடியதில் பாதி அங்கே இருக்காது. கடைசியில் அதையே திருப்பிப் போட்டான்: ஒரே ஐந்து நிமிடத்துக்கு வீடியோவையும் அச்சுப் பதிவையும் பக்கத்தில் வைத்து, எதெது காணாமல் போயிருக்கிறது என்று பார்த்தான். நல்ல ஆய்வாக வந்தது.

பேச்சே வேண்டாம் என்றால் பழைய சமையல் குறிப்புகள் இருக்கின்றன. திருமதி பீட்டனின் 1861ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு குறிப்பு, இன்றைய இணையத்தில் அதே பண்டத்துக்கு ஒரு குறிப்பு, இரண்டின் மொழியையும் ஒப்பிடலாம்.

ஹரோ_அம்மா

மிக்க நன்றி ரீச்சர். ஹன்சாட் என்றதும் "அரசியலா?" என்று முகத்தைச் சுழித்தாள். சமையலுக்கும் அதே முகம். அவளாக ஒன்று சொல்கிறாள்: வீட்டில் அம்மம்மாவோடு தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவதைப் பதிவு செய்யலாமா?

லெஸ்டர்_பொடியன்

கேட்க நல்லாயிருக்கு, ஆனால் பாடம் ஆங்கிலம், அன்ரி. தரவில் பாதி தமிழாக இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், அதை விளக்குவதிலேயே 2,000 சொல் கரைந்துவிடும். அதோடு, போனைப் பார்த்ததும் அம்மம்மா வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசத் தொடங்குவார். மக்கள் யாரும் கவனிக்காதபோது எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும், ஆனால் கவனித்தால்தான் அறிய முடியும். லாபோவ் என்ற மொழியியலாளர் இதைக் கவனிப்பாளர் முரண் என்றார்.

ஓய்வுபெற்ற_ரீச்சர்

கடை வைத்திருக்கிறோம் என்றீர்களே. கல்லாவில் சனங்கள் சாமானை எப்படிக் கேட்கிறார்கள்?

ஹரோ_அம்மா

அது ஆளுக்கு ஆள் ரீச்சர். பொடியள் "கான் ஐ கெட்" என்பார்கள். வயதானவர்கள் "குட் ஐ ஹாவ்" (could I have), கடைசியில் ஒரு "ப்ளீஸ்". கட்டட வேலைக்காரர் சாமானின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு "மேட்" என்று முடிப்பார். சிகரெட் 2015இலிருந்து எங்களைப் போன்ற சின்னக் கடையிலும் மூடிய தட்டுக்குள்தான், வாயால் கேட்காமல் ஒருவராலும் வாங்க முடியாது.

வந்த புதிதில் நான் மருந்துக்கடையில் "கிவ் மீ பனடோல்" என்று கேட்டு, அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மனசுக்குள் "பனடோல் தாங்கோ" என்றுதான் கேட்டேன். அதில் என்ன மரியாதைக் குறைவு?

ஓய்வுபெற்ற_ரீச்சர்

தலைப்பு உங்கள் கல்லாவிலேயே இருக்கிறது தங்கச்சி! நம் மரியாதை "தாங்கோ"வின் வாலில் இருக்கிறது. "கிவ் மீ" என்று மாற்றும்போது வால் அறுந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைக் 'குட்'டும் 'ப்ளீஸு'ம் செய்கின்றன, மறுக்க இடம் விட்டுக் கேட்கும் முறை அது. பணிவு பற்றி பிரவுன், லெவின்சன் என்ற ஆய்வாளர்கள் 1978இல் எழுதியதைப் பிள்ளை எப்படியும் படிக்க வேண்டும். அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகள்: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துத் தமிழ்.

செய்முறைக்கு லாபோவையே பார்க்கச் சொல்லுங்கோ. 1962இல் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளில், நாலாம் மாடியில் இருக்கும் பொருள் எங்கே என்று தெரியாதவர் போல விசாரித்தார். "ஃபோர்த் ஃப்ளோர்" என்ற பதிலில் 'ர்' ஒலிக்கிறதா என்று கேட்டு, காது கேட்காத மாதிரி இன்னொரு தரம் சொல்ல வைத்து, மறைவாகப் போய்க் குறித்துக்கொண்டார். 264 பேர். ஒலிப்பதிவுக் கருவியே இல்லை.

உங்கள் மகளும் பதிவு செய்யக் கூடாது, வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லை. பெயர், அடையாளம் இல்லாமல் கேட்ட சொற்களை மட்டும் நோட்டில் எழுதலாமா என்று ஆசிரியையிடம் முதலில் கேட்டுவிட்டு, கதவில் ஓர் அறிவிப்பும் ஒட்டுங்கோ. வயதை இளையவர், மூத்தவர் என்று இரண்டாகப் பிரித்தால் போதும், ஊகத்தால் அதற்கு மேல் முடியாது.

ஒரு எச்சரிக்கை. யார் எத்தனை தடவை என்ற எண்ணிக்கை மட்டும் 2,000 சொல்லைத் தாங்காது. துணைவினை ('கான்', 'குட்') எது, 'ப்ளீஸ்' முன்னாலா பின்னாலா, 'மேட்', 'லவ்' என்ற விளி யாருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஹரோ_அம்மா

ஆசிரியை சரி சொல்லிவிட்டார், அறிவிப்பும் ஒட்டியாயிற்று. சனிக்கிழமை காலையில் பிள்ளை நோட்டோடு கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குள் 43 வரி.

ஒரு சந்தேகம் மட்டும். பக்கத்தின் ஓரத்தில் தனியாகக் கோடு போட்டு நான் சொல்வதையும் எழுதி வைத்திருக்கிறாள். ஆள் உள்ளே வந்ததும் நான் "யெஸ், ரெல் மீ" என்கிறேனாம், ஒருவர் தப்பாமல். எனக்கே தெரியாது. "சொல்லுங்கோ" தான் அப்படி வருகிறது போல. இதையும் ஆய்வில் சேர்க்கலாமா ரீச்சர்?

லெஸ்டர்_பொடியன்

அன்ரி, நோட்டைப் பார்க்காமல் இன்னும் ஒரு சனிக்கிழமை நில்லுங்கோ. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி நீங்கள் அதைச் சொல்லப் போவதில்லை.